ஒரே நிலம், மணிச்சத்துக்கு இரண்டு அளவுகள்: இந்திய மண்ணியல் சங்கத்தை அணுகலாமா?

கரிசல்காடு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டி வட்டாரத்தில் மானாவாரிக் கரிசல் நிலத்தில் உளுந்தும் சோளமும் பயிரிடும் உழவர் குழு ஒன்றின் கணக்கு வழக்குகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கோடையில் எங்கள் குழுவினரின் நிலம் ஒன்றில் மண் மாதிரி எடுத்து, நன்றாகக் கலந்து, இரண்டு பங்காக்கி, வெவ்வேறு ஆய்வகங்கள் இரண்டுக்கு அனுப்பினோம். கார அமில நிலை (pH) இரண்டு அறிக்கைகளிலும் 8.3 என்றே இருந்தது. சாம்பல்சத்திலும் (பொட்டாசியம்) சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் ஓர் அறிக்கையில் எக்டேருக்கு 14 கிலோ என்றும் அது "நடுத்தரம்" என்றும், மற்றொன்றில் 5 கிலோ என்றும் அது "குறைவு" என்றும் வந்திருக்கிறது. நடுத்தரம் என்றால் உரம் பொதுப் பரிந்துரை அளவே போதும். குறைவு என்றால் அதைவிடக் கால் பங்கு கூட்டி இட வேண்டும் என்கிறார்கள். மழையை மட்டுமே நம்பியிருக்கும் நிலத்தில் அந்தக் கால் பங்கு டிஏபி என்ற மணிச்சத்து உரத்தின் செலவு எங்களுக்குச் சிறியதன்று.

இரண்டு ஆய்வகங்களையும் கேட்டோம். இரு தரப்பினரும் தங்கள் அறிக்கையே சரியானது என்கிறார்கள். தேசிய அளவில் இந்திய மண்ணியல் சங்கம் என்று ஓர் அறிவியல் அமைப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இத்தகைய முரண்பாட்டில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டா? இல்லையென்றால் அந்தச் சங்கம் என்னதான் செய்கிறது? விஞ்ஞானிகள் அல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் பயன் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுவேன்.

ஆய்வக மேசை பதிலளிக்கிறார்:

மண் பரிசோதனை நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் மணிச்சத்தைப் பற்றி எழுதுகிறேன். சங்கத்தைப் பற்றி அதில் பங்குகொண்டவர்கள் எழுதட்டும்.

இரண்டில் ஓர் ஆய்வகம் பிழை செய்துவிட்டது என்று முடிவு கட்டும் முன், அறிக்கையில் இரண்டு செய்திகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, மணிச்சத்து எந்த முறையில் அளக்கப்பட்டது என்பது. மற்றொன்று, அந்த எண் பாஸ்பரஸ் என்ற தனிமத்தின் அளவா, அல்லது உர மூட்டையில் அச்சிட்டிருப்பது போல் பாஸ்பரஸ் பென்டாக்சைடின் அளவா என்பது. தனிமத்தின் அளவை 2.29 ஆல் பெருக்கினால் பென்டாக்சைடின் அளவு வரும். 14 என்பது பென்டாக்சைடு கணக்கில் எழுதப்பட்டிருந்தால் தனிமக் கணக்கில் அது 6 கிலோவை ஒட்டியே நிற்கும். அப்படியானால் உங்கள் இரண்டு அறிக்கைகளும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்கின்றன என்று ஆகிவிடும். ஆகவே அலகை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கரிசல்காடு:

மிக்க நன்றி ஐயா. இரண்டிலும் தனிமக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அறிக்கைகளின் அடியில் சிறிய எழுத்தில், 14 கிலோ என்ற அறிக்கையில் "ஓல்சன்" என்றும், 5 கிலோ என்ற அறிக்கையில் "பிரே" என்றும் இருக்கிறது. இதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

ஆய்வக மேசை:

அப்படியானால் உங்கள் கேள்விக்கு விடை அந்தச் சிறிய எழுத்திலேயே இருக்கிறது. மண்ணில் உள்ள மொத்த மணிச்சத்தையும் எந்த மண் பரிசோதனை நிலையமும் அளப்பதில்லை. அதைத் தெரிந்துகொள்வதால் உழவருக்கு ஆவது ஒன்றுமில்லை. பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதியை ஏறத்தாழக் காட்டித் தரும் ஒரு கரைசலை மண்ணோடு சேர்த்துக் குலுக்கி, அதில் கரைந்து வருவதைத்தான் அளக்கிறோம். எனவே எந்தக் கரைசல் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

1945 இல் வந்த பிரே முறையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அமோனியம் புளோரைடும் சேர்ந்த கரைசல் பயன்படுகிறது. அமிலத்தன்மை மிகுந்த செம்மண், சரளை மண் ஆகியவற்றில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை அது நன்றாக வெளிக்கொணரும். உங்கள் கரிசலிலோ சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு முடிச்சுகள் தட்டுப்படும்; அதன்மேல் சில சொட்டு அமிலம் விட்டால் பொங்கும். அதே பொங்கல் ஆய்வகக் குடுவைக்குள்ளும் நடக்கிறது. கரைசலிலுள்ள அமிலத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடுகிறது, புளோரைடும் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுகிறது. மணிச்சத்தைக் கரைத்தெடுக்க வேண்டிய கரைசல் வேலையைத் தொடங்கும் முன்பே வலுவிழந்துபோவதால் எண் குறைவாக வருகிறது.

1954 இல் வந்த ஓல்சன் முறையில் கார அமில நிலை 8.5 க்குச் சரிசெய்யப்பட்ட சோடியம் பைகார்பனேட் கரைசலைப் பயன்படுத்துகிறோம். சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடு கட்டுண்ட மணிச்சத்தை விடுவிப்பதற்கு ஏற்றது இதுவே. நடுநிலை மண்ணுக்கும் கார மண்ணுக்கும் ஓல்சன், அமில மண்ணுக்குப் பிரே என்பது நாடெங்கும் பின்பற்றப்படும் வழக்கம். மணிச்சத்து எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம் என்று தமிழ்நாட்டில் வகைப்படுத்துகிறோம். கார அமில நிலை 8.3 உள்ள உங்கள் நிலத்துக்கு 14 கிலோ என்ற அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் பரிந்துரை அளவுக்கு மேல் டிஏபி வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஆய்வகத்தார் அளந்ததில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை; அந்த மண்ணுக்கு அந்த முறையைத் தேர்ந்ததுதான் தவறு. எல்லா மாதிரிகளையும் ஒரே கரைசலில் போட்டு எடுத்துவிடும் பழக்கம் நிறுத்தப்பட வேண்டும் என்று நான் பணியில் இருந்த காலத்திலிருந்தே வலியுறுத்தி வருகிறேன். உழவர் கையில் பரிசோதனை முடிவு எழுதிய மண் வள அட்டையைக் கொடுப்பவர்கள் முறையின் பெயரைத் தெளிவாக, பெரிய எழுத்தில் அச்சிடுவது கடமை என்றே கருதுகிறேன்.

வண்டல் பதிலளிக்கிறார்:

சங்கத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது உறுப்பினராகச் சேர்ந்து, இன்றும் தொடர்கிறேன்.

இந்திய மண்ணியல் சங்கம் 1934 இல் கொல்கத்தாவில் தோன்றியது. களிமண்ணின் மின்வேதியியலில் பெயர் பெற்ற பேராசிரியர் ஞானேந்திரநாத் முகர்ஜி அதன் தோற்றத்தில் முதன்மையான பங்கு வகித்தவர். இன்று அது புது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. கோயம்புத்தூர் உட்படப் பல ஊர்களில் அதற்குக் கிளைகள் உண்டு. இது அரசுத் துறை அன்று. மண்ணை ஆய்பவர்களும் கற்பிப்பவர்களும் தாமாகக் கூடி நடத்தும் அறிவியல் சங்கம். எனவே ஓர் ஆய்வகத்தின் அறிக்கையைத் தள்ளுபடி செய்யவோ, உரிமத்தை நிறுத்தவோ, உங்கள் முறையீட்டை விசாரிக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. ஆய்வகங்களின் தகுதியைச் சோதித்து அங்கீகாரம் வழங்கும் பணியை என்.ஏ.பி.எல். எனப்படும் தேசிய அங்கீகார வாரியம் செய்கிறது. மண் வள அட்டை தொடர்பான குறைகளை மாநில வேளாண்மைத் துறையிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

அதிகாரம் இல்லாத சங்கம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே ஐயா சொன்ன "அமில மண்ணுக்குப் பிரே, கார மண்ணுக்கு ஓல்சன்" என்ற வழக்கத்தை எந்த அலுவலரும் ஆணையிட்டு உண்டாக்கவில்லை. வெளிநாட்டில் பிறந்த ஒரு முறையை நம் நாட்டுக் கரிசலிலும் செம்மண்ணிலும் வண்டலிலும் பலர் தனித்தனியே சோதித்து, அந்த எண்ணுக்கும் வயலில் பயிர் காட்டும் பதிலுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்து, முடிவுகளை வெளியிட்டு, மற்றவர்களின் மறுப்பையும் ஏற்று, திரும்பச் செய்து பார்த்த பிறகே ஒரு முறை நிலைபெறுகிறது. அந்த விவாதம் நடப்பதற்கு, எந்த ஒரு நிறுவனத்துக்கும் கட்டுப்படாத பொதுவான இடம் வேண்டும். 1953 முதல் வெளிவரும் சங்கத்தின் காலாண்டு ஆய்விதழும், ஆண்டுதோறும் வெவ்வேறு ஊர்களில் கூடும் மாநாடும் அந்த இடத்தைத் தருகின்றன. போபாலில் உள்ள இந்திய மண்ணியல் நிறுவனம், நாக்பூரில் உள்ள தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டப் பணியகம், கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் தத்தம் பணியைச் செய்பவை. அங்கே வேலை செய்பவரும் ஒரு வேளாண் கல்லூரியில் முதுநிலை படிக்கும் மாணவரும் ஒரே மேடையில் நின்று, ஒருவர் தரவை மற்றவர் கேள்வி கேட்கும் வாய்ப்பு சங்கத்தில்தான் அமைகிறது. எனக்கு அதுவே இச்சங்கத்தின் தலையாய பயனாகத் தோன்றுகிறது.

இப்படி விவாதித்துத் தீர வேண்டியவை இன்னும் எத்தனையோ இருக்கின்றன. தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கக்கூடிய தழைச்சத்தை அளக்க, 1956 இல் சுப்பையாவும் அசிஜாவும் வெளியிட்ட காரப் பெர்மாங்கனேட் முறையைத்தான் நாம் இன்றும் பின்பற்றுகிறோம். அந்த முறையில் எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே குறைவு என்பதில் பொதுவாக ஒத்த கருத்து இருக்கிறது. ஆனால் நாட்டின் பிற பகுதிகளில் நடுத்தரம் என்பது 560 கிலோ வரை நீள்கிறது. தமிழ்நாட்டிலோ 450 கிலோவைத் தாண்டினாலே மிகுதி என்கிறோம். 500 கிலோ என்ற ஒரே எண் ஓரிடத்தில் நடுத்தரம், மற்றோரிடத்தில் மிகுதி. பயிரின் பதிலை அடிப்படையாகக் கொண்டு எல்லையை வகுத்தால் இடத்துக்கு இடம் மாறுவது இயல்பே. ஆயினும் அந்த அடிப்படை அட்டையைப் படிக்கும் உழவருக்கு விளங்க வேண்டும்.

உலக அளவிலும் இச்சங்கத்துக்குத் தொடர்பு உண்டு. 1924 இல் ரோமில் நிறுவப்பட்ட பன்னாட்டு மண்ணியல் சங்கத்தின் பன்னிரண்டாவது பேராயம் 1982 இல் புது தில்லியில்தான் நடந்தது. அந்த அமைப்பு இப்போது பன்னாட்டு மண்ணியல் ஒன்றியம் என்ற பெயரில் இயங்குகிறது. டிசம்பர் 5 ஆம் நாளை உலக மண் நாளாகக் கொண்டாட வேண்டும் என்று 2002 இல் முன்மொழிந்ததும் அதுவே. ஐக்கிய நாடுகள் சபை 2013 இல் அதை ஏற்றது.

வரப்பு பதிலளிக்கிறார்:

மேலே உள்ள இருவரின் விளக்கமும் அருமை. ஆனால் மண் ஆய்வு என்றாலே ஊட்டச்சத்து எண்கள் என்று பேச்சு சுருங்கிவிடுவதைக் கண்டு வருந்துகிறேன். கரிசல்காடு அவர்கள் எழுதியிருப்பது மானாவாரி நிலத்தைப் பற்றி. அங்கே மணிச்சத்து 14 கிலோவா 5 கிலோவா என்பதோடு, அந்த மணிச்சத்தைத் தாங்கியிருக்கும் மேல்மண் ஆண்டுதோறும் எவ்வளவு அடித்துச் செல்லப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 533 கோடி டன் மண் அரிக்கப்படுகிறது, அதாவது சராசரியாக எக்டேருக்கு 16.4 டன், என்று 1983 இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அதில் 29 விழுக்காடு கடலுக்குப் போய்விடுகிறது, 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிகிறது என்றும், எஞ்சியது இடம் பெயர்ந்து வேறு நிலத்தில் தங்குகிறது என்றும் அதே மதிப்பீடு சொல்கிறது. பழைய கணக்குதான், ஆனாலும் இழப்பின் பரிமாணத்தை உணர்த்தப் போதுமானது. அடித்துச் செல்லப்படுவது மேலாக உள்ள மென்மண். அங்ககக் கார்பனும் மணிச்சத்தும் பெரும்பாலும் அதில்தான் ஒட்டியிருக்கின்றன. வரப்பு உடைந்த நிலத்தில் கூடுதலாக இடும் டிஏபியில் ஒரு பகுதி ஐப்பசி மழையோடு ஓடைக்குப் போகும்.

மண் பாதுகாப்புக்கென்று தனியாக இந்திய மண் பாதுகாப்புச் சங்கம் என்ற அமைப்பு 1951 முதல் இயங்கி வருகிறது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். டேராடூனில் உள்ள இந்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிறுவனம் அரசுத் தரப்பில் அதே துறையில் ஆய்வு செய்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழுவது, சம உயர வரப்பு, கரிசலில் அகலப் பாத்தியும் சாலும் அமைப்பது ஆகியவற்றைப் பற்றி இவர்கள் தந்திருக்கும் அறிவு உழவருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. உங்கள் குழு அடுத்த கூட்டத்தில் உரத்தைப் பற்றிப் பேசுவதோடு, நிலத்தின் சரிவு எந்தப் பக்கம், மழைநீர் எங்கே வெளியேறுகிறது என்பதையும் ஒரு தாளில் வரைந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாடவேளை பதிலளிக்கிறார்:

வேளாண் கல்லூரியில் மண்ணியல் கற்பிப்பவள் நான். வண்டல் அவர்கள் சொன்ன பொதுவான இடம் என்ற கருத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். மாணவர் உறுப்பினர்களாகச் சேர்ந்த என் மாணவியர் சிலர் தங்கள் ஆய்வேட்டின் முடிவுகளை மாநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும்போது, தரவைப் பார்க்கும் பார்வையே மாறியிருப்பதைக் கண்டிருக்கிறேன். சங்கம் வெளியிட்ட பாடநூலும் இளநிலை வகுப்பிலிருந்தே எங்களுக்குத் துணையாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆய்விதழ் ஆங்கிலத்தில் வெளிவருகிறது. ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அது தேவைதான். எனினும் மண்ணைப் பற்றிய கல்வியைப் பரப்புவதையும் நோக்கமாகக் கொண்ட தேசியச் சங்கம், தன் விவாதங்களின் முடிவுகளை அந்தந்த மாநில மொழியில் உழவருக்குக் கொண்டுசேர்க்க வேண்டாமா? கரிசல்காடு அவர்களுக்கு இன்று இங்கே கிடைத்த விளக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. மண்ணியலாளர்களுக்குப் பல்லாண்டுகளாகத் தெரிந்தவையே அனைத்தும். அவை அறிக்கையைக் கையில் வைத்திருப்பவரைச் சென்றடையவில்லை என்பதே என் வருத்தம். 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அளவுகளை உழவரின் கையில் சேர்க்கிறது. அந்தப் பன்னிரண்டையும் படித்துப் புரிந்துகொள்ள நான்கு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றைக் கிளைகள் தோறும் தயாரித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வண்டல்:

பாடவேளை அவர்களின் கருத்தோடு எனக்கு உடன்பாடே. ஆனால் முழுச் சுமையையும் சங்கத்தின் மேல் ஏற்றுவது பொருந்தாது. அது உறுப்பினர்களின் சந்தாவையும் ஓய்வு நேரத்தையும் கொண்டு நடப்பது. விரிவாக்கப் பணிக்கென்றே ஊதியம் பெறுவோர் வேளாண்மைத் துறையிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் இருக்கிறார்கள். சங்கம் செய்யக்கூடியது, கையேட்டின் உள்ளடக்கம் சரியானதா என்று சரிபார்த்துத் தருவது. எழுதும் பொறுப்பை நம்மைப் போன்ற உறுப்பினர்களே ஏற்றுக்கொள்ளலாம்.

பாடவேளை:

ஏற்றுக்கொள்கிறேன். மணிச்சத்து பற்றிய பகுதியை நானே எழுதத் தொடங்குகிறேன். ஆய்வக மேசை ஐயா அதைப் பார்த்துத் திருத்தித் தந்தால் மகிழ்வேன்.

கரிசல்காடு:

எல்லோருக்கும் குழுவின் சார்பில் நன்றி. சரிவைப் பற்றி வரப்பு அவர்கள் சொன்னதும் எங்களுக்கு மிகவும் பொருந்தும். நிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஒவ்வோர் ஆண்டும் வரப்பு உடைகிறது. கடைசியாக ஒரு கேள்வி. அந்த மூலையையும் சேர்த்துத்தான் மாதிரி எடுத்தோம். அது சரியா? புரட்டாசி விதைப்புக்கு முன் மறுபடியும் எடுக்க வேண்டுமா?

ஆய்வக மேசை:

அரிப்பு ஏற்பட்ட மூலையை மற்ற நிலத்தோடு கலக்கக் கூடாது. அதற்குத் தனி மாதிரி எடுத்து, தனிப் பையில் போட்டு, தனியாகக் குறிப்பெழுதுங்கள். எஞ்சிய நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு, ஆங்கில எழுத்தான "வி" வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் சரிந்த பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். வரப்பை ஒட்டிய இடம், மர நிழல், எருக் குவித்த இடம், அண்மையில் உரம் இட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நுண்ணூட்டங்களையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் துத்தநாகப் பூச்சுப் பூசிய வாளியைப் பயன்படுத்தாமல் பிளாஸ்டிக் வாளியில் சேகரியுங்கள். உர மூட்டையை உதறிய சாக்கில் மண்ணைப் பரப்பவே கூடாது. நிழலில் உலர்த்தி, கட்டிகளை உடைத்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கும் வேலையை அரைக் கிலோ மிஞ்சும் வரை செய்யுங்கள்.

விதைப்புக்கு ஒரு மாதத்துக்கு முன் கொடுத்தால் அறிக்கை உரிய நேரத்தில் கைக்கு வரும். மாதிரியோடு தரும் படிவத்தில் "சுண்ணாம்பு நிறைந்த கரிசல், மணிச்சத்தை ஓல்சன் முறையில் அளக்கவும்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.